புல்லைக் காட்டுகிறீர்கள், மண்ணைப் பார்ப்பதில்லை: செயற்கைப் புல் பதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒப்பந்ததாரர்களுக்கும், அவர்களோடு மண்ணில் இறங்கி வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும்,

வணக்கம். வீட்டுத் தோட்டங்களில் செயற்கைப் புல் பதித்துத் தருவதைத் தொழிலாகக் கொண்ட உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. அதில் செயற்கைப் புல் பதிக்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தேன். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அதை நானே கத்தியும் கடப்பாரையுமாக நின்று பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. பதித்தவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அவர் செய்ததைத்தான் பலரும் செய்கிறார்கள் என்பது, பிறகு விசாரித்தபோதும் நாலைந்து வீட்டுத் தோட்டங்களைப் போய்ப் பார்த்தபோதும் தெரிய வந்தது. ஆகவே, ஒருவருக்கு அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் எல்லோருக்குமான மடலாகிவிட்டது.

செயற்கைப் புல்லே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதியில் இன்றும் அது இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. உங்களிடம் எனக்கிருக்கும் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். விரிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நீங்கள், அது எந்த மண்ணின்மீது உட்காரப் போகிறது என்பதைத் தோண்டிப் பார்ப்பதே இல்லை. பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, தண்ணீர் தேங்குவது முதல் வாடை அடிப்பது வரை, அந்த ஒரு அலட்சியத்திலிருந்து கிளைப்பவை.

என் வீட்டுக்கு வந்தவர் பையைத் திறந்து, உள்ளங்கை அளவில் ஏழெட்டு மாதிரித் துண்டுகளை மேசைமீது பரப்பினார். இழையின் உயரம் 30 மில்லிமீட்டர் போதுமா 40 வேண்டுமா, ஒரே பச்சையாக இருக்கட்டுமா, அடியில் காய்ந்த புல்லைப் போன்ற பழுப்புச் சுருளிழை கலந்திருக்கட்டுமா, இழையின் கனம் எத்தனை டிடெக்ஸ் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். 10,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டிடெக்ஸ் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் ஒற்றிப் பார்க்காத குறையாக நானும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நீண்ட அந்தப் பேச்சில், மழை பெய்தால் தோட்டத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமே என்று எனக்கும் உறைக்கவில்லை. அளவெடுப்பதற்காக டேப்போடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், அவ்வளவுதான்.

வேலை ஒரே பகலில் முடிந்தது. அந்த வேகத்தை அன்று வியந்து பாராட்டியவன் நான்தான். இருந்த புல்லை ஒட்ட வெட்டி, மேலே மணலைக் கொட்டிப் பலகையால் இழுத்துச் சமப்படுத்தி, சுருளை உருட்டி விரித்து, ஓரங்களில் ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். சாய்ந்த வெயிலில் அது கண்ணுக்கு மிக அழகாகவே இருந்தது. முதல் பெருமழைக்குப் பிறகு நடுவில் நடந்தால் காலடியில் சளக் சளக்கென்று ஒலி எழுந்தது. அடுத்து வந்த மாதங்களில் ஓரிடம் தாழ்ந்தது, ஓரிடம் மேடு தட்டியது, இரண்டு துண்டுகளின் இணைப்பு வாய் பிளந்தது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் தேங்கிய சாக்கடையின் வாடை வந்தது.

பெயர்த்தெடுத்த நாளில் கண்டதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலர், நீங்கள் பதித்ததை இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விரிப்பின் ஓரத்தைத் தூக்கியதுமே ஆணிகள் எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தன. சேற்றில் குத்திய ஆணிக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்? போட்ட மணல் தனி அடுக்காக இல்லை, மண்ணோடு கலந்து காணாமல் போயிருந்தது. அடியில் விட்டுப்போன பழைய புல், மட்கிக் கறுத்து, விரல் தடிமனில் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிந்திருந்தது. நீர் வடிவதற்காக விரிப்பின் அடிப்பக்கத்தில் வரிசையாக இட்டிருந்த துளைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அந்தக் கறுப்புக் களிம்பு அடைத்திருந்தது. ஒரு துளையைத் துடைப்பக் குச்சியால் குத்திப் பார்த்தேன். மெழுகைக் குத்துவது போல இறங்கியது. மண்புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மறுநாள் வந்த கொத்தனார் விரிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரோரம் ஒரு முளையும் வேலியோரம் ஒரு முளையும் அடித்து, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "வாட்டம் வீட்டுப் பக்கம்ல இருக்கு, தண்ணி வேற எங்கதான் போகும்?" என்றார். வாட்டம் என்று அவர் சொன்னது தரையின் சரிவை. ஐந்து நிமிட வேலை அது. அந்த ஐந்து நிமிடத்தை முதலிலேயே யாராவது செலவிட்டிருந்தால், இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் உங்கள் விளம்பரத் தாள்கள் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விரிப்பின் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் நீர் வடியும் என்று பலர் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் கனமழையில்கூட, ஒரு சதுர மீட்டரில் விழுவது மணிக்கு 50 லிட்டர்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டரை அது எட்டாது. ஆக, துளைகள் அடைபடாதவரை விரிப்பு தடையாக இருக்கப் போவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிப் பயனும் இல்லை. களிமண் நிலம் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான் நீரை உள்ளிழுக்கும். மணற்பாங்கான நிலம் 30 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்கும். இந்த இரண்டு நிலங்களில் எது வாடிக்கையாளரின் தோட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலையே மாற வேண்டும். ஆனால், நான் விசாரித்த வீடுகளில் எல்லாம் ஒரே வேலைதான் நடந்திருந்தது.

எனவே என் முதல் வேண்டுகோள், விலை பேசுவதற்கு முன் ஒரு குழி தோண்டுங்கள் என்பதுதான். ஒரு முழ அகலமும் அதே ஆழமும் உள்ள குழி போதும். அதில் தண்ணீர் நிரப்பி, அது முழுவதும் இறங்கியபின் இரண்டாம் முறையும் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் மட்டம் எத்தனை விரற்கடை குறைகிறது என்று பாருங்கள். முதல் முறை நிரப்பும் நீரை வறண்ட மண் அவசரமாகக் குடித்துவிடும். இரண்டாம் முறைதான் மண் உண்மையைச் சொல்லும். தண்ணீர் மறுநாள் காலை வரை அப்படியே நின்றால், அங்கே எவ்வளவு உயர்ந்த ரக விரிப்பைப் போட்டாலும் வீண். துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து நீரை வேறிடத்துக்கு இட்டுச் செல்ல வழி செய்தாக வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் செலவைச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஓடுகிறவர் ஓடட்டும், இரண்டு ஆண்டு கழித்து உங்கள் பெயரைச் சொல்லித் தெருவெல்லாம் குறை பேசும் வாடிக்கையாளரைவிட அவர் மேல்.

அடித்தளம் எப்படி அமைய வேண்டும் என்பதை உங்களுக்கு நான் கற்றுத்தரத் தேவையில்லை. உங்களில் நல்ல வேலைக்காரர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆனாலும் எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் இரண்டாம் முறை பதித்தபோது நடந்ததைப் பதிவு செய்கிறேன், முதல் முறை விட்டுப்போனவை எவை என்பது அதில் விளங்கும். பழைய புல்லை வேரோடு சேர்த்து மேல்மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகற்றினோம். வெட்டி எடுத்த மண்ணைப் பார்த்தபோது, இவ்வளவையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மலைப்பாக இருந்தது. ஒரே பகலில் வேலையை முடிப்பவர்கள் இந்தக் கட்டத்தை ஏன் தாண்டிவிடுகிறார்கள் என்பதும் அப்போது புரிந்தது. அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்தோம். அந்தத் துணி களை வராமல் தடுப்பதற்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே போடும் கல் ஈரமண்ணுக்குள் புதைந்து போகாமலும், மண் கல்லின் இடுக்குகளுக்குள் ஏறி வராமலும் பிரித்து வைப்பதே அதன் தலையாய வேலை. எங்கள் முதல் மணல் காணாமல் போனதற்குக் காரணம் இந்தத் துணி இல்லாததுதான்.

துணியின்மேல் தூள் கலக்காத உடைகல்லை 75 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஆகவே அந்த அடுக்கு மட்டுமே 25 மில்லிமீட்டர் மழையைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே உள்ள களிமண் குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும். கல் அடுக்கை ஒரு தொட்டியாகவே நினைத்துப் பாருங்கள், அதில் கை வைத்து மிச்சம் பிடிக்க உங்களுக்கு மனம் வராது. அதற்கு மேல் 20 மில்லிமீட்டர் பொடிக்கல். இதில் தூள் மிகுந்துவிட்டால் அது இறுகிப் பூசிய தரை போல ஆகி, நீரை மேலேயே நிறுத்திவிடும். எல்லாவற்றையும் அதிர்வுப் பலகை இயந்திரத்தால் இறுக்கியபின், மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும் வீடுகளில், முடிந்த தரை அந்த அடுக்குக்கு 15 சென்டிமீட்டராவது கீழே நிற்க வேண்டும். பழைய தரையின் மேலேயே கல்லையும் மணலையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கெடுப்பது அந்தச் சுவரைத்தான்.

இணைப்பைப் பற்றி ஒரு சொல். செயற்கைப் புல்லுக்கும் துணிக்குப் போல ஒரு போக்கு உண்டு. இழைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு துண்டு வீட்டைப் பார்த்தும் மற்றொன்று வேலியைப் பார்த்தும் சாய்ந்திருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி இருண்டும், இரண்டு வேறு வேறு கடைகளில் வாங்கி ஒட்டுப்போட்டது போலத் தெரிந்தது. துண்டு வீணாகாமல் இருக்கத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வெட்டியதும் முன்பக்கத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். பின்புறத்திலிருந்து, இரண்டு தையல் வரிசைகளின் நடுவே கத்தியை ஓட்டியிருந்தால் இழை அறுந்திருக்காது, இணைப்பில் வழுக்கைக் கோடும் விழுந்திருக்காது. ஆலையில் வெட்டிய ஓரத்தை அப்படியே ஒட்டாமல் இரண்டு மூன்று தையல் வரிசைகளை நறுக்கிவிட வேண்டும் என்பதும், சுருளைப் பிரித்துச் சில மணி நேரம் தளரவிட்ட பிறகே வெட்ட வேண்டும் என்பதும் உங்கள் தொழிலின் பாலபாடம். இழையாக இருக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். தளராத விரிப்பை இழுத்து ஆணி அடித்தால், அது பிறகு தன் விருப்பப்படி மடிப்பு விழுந்து நம்மைக் கேலி செய்யும்.

இனி வெயில். இதைப் பற்றி என்னிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. உயிருள்ள புல் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழையால் அது ஆகாது, வாங்கிய வெப்பத்தை அப்படியே வைத்திருக்கும். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் தங்கள் செயற்கைப் புல் திடலை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸாக இருந்த நாளில் திடலின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. நீர் தெளித்துப் பார்த்தார்கள்; 79 டிகிரியாக இருந்தது 29 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் 49 டிகிரிக்கும், இருபது நிமிடத்தில் 73 டிகிரிக்கும் திரும்ப ஏறிவிட்டது. அது ரப்பர்த் துகள் நிரப்பிய விளையாட்டுத் திடல். வீட்டுத் தோட்டத்தில் அந்த அளவுக்குச் சூடேறாமல் இருக்கலாம். இருந்தாலும், எங்கள் தோட்டத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நான்கு எட்டு வைத்தவர்கள் ஐந்தாவது எட்டை ஓட்டமாகத்தான் வைத்தார்கள். நாய் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டு, சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டது.

வெப்பம் சார்ந்த இன்னொன்று, பல பதிப்பாளர்களுக்கே தெரியாதது. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் சில நேரங்களில் லேசாக உள்வாங்கிக் குழிந்து, குழியாடி போலச் சூரிய ஒளியைக் குவிக்கும். குவிந்த ஒளி விழும் இடத்தில் பாலிஎத்திலீன் இழை உருகிவிடும். அது உருகுவதற்கு 105 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். நான் போய்ப் பார்த்த ஒரு தோட்டத்தில், நாள்தோறும் வெயில் நகரும் வழியில், தீய்ந்த முடியைப் போலச் சுருண்ட இழைகள் ஒரு வளைகோடாக ஓடின. வீட்டுக்காரர் யாரோ சிகரெட் நெருப்பைப் போட்டுவிட்டார்கள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். அளவெடுக்க வரும் நாளில் அண்ணாந்து ஜன்னல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"பராமரிப்பே தேவையில்லை" என்ற ஒரு வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெட்டத் தேவையில்லை, நீர் பாய்ச்சத் தேவையில்லை என்று சொல்லுங்கள், அது உண்மை. ஆனால் உதிர்ந்த இலை இழைகளுக்கிடையே மட்கினால் அந்த மண்ணிலேயே விதை விழுந்து களை முளைக்கும். கீழே எத்தனை அடுக்குத் துணி போட்டிருந்தாலும், மேலிருந்து முளைக்கும் களையை அது தடுக்காது. நடந்து நடந்து படுத்துவிட்ட இழையைப் போக்குக்கு எதிராகத் துடைப்பத்தால் தள்ளி நிமிர்த்த வேண்டும். நாய் வளர்க்கும் வீடுகளில் சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும். அந்த நெடி, மழை இல்லாத வாரங்களில் தாங்க முடியாததாகிவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் சியோலைட் என்ற கனிமத் துகளைப் பரிந்துரைக்கலாம். அதோடு, நீரடித்துக் கழுவும் வேலை ஓயாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இழைகள் நிமிர்ந்து நிற்கவும் விரிப்பு கனமாகப் படியவும் உலர்ந்த சிலிக்கா மணலைச் சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிலோ வரை தூவுவார்கள். அதைத் தூவும் தொழிலாளர்களிடம் எனக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாகக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை அந்த நுண்தூசியைத் தடுக்காது. தூசி வடிகட்டும் முகமூடியை உங்கள் ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்ததாரர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மரத்தடிக்கு வருகிறேன். நிழல் மிகுந்து புல் வளராத இடம் என்பதால் மரத்தடியில் செயற்கைப் புல் கேட்போர் பலர். மரத்தின் உணவு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேற்புற 30 சென்டிமீட்டருக்குள்தான் பரவியிருக்கிறது. அடித்தளத்துக்காக 10 சென்டிமீட்டர் வெட்டி, மிச்சத்தைத் திமிசால் இறுக்கினால், மரத்தின் வாயைக் கட்டுவதற்குச் சமம். இங்கே உங்களிடமிருந்து நான் எதிர்பார்ப்பது, "இந்த இடத்தில் வேண்டாம்" என்ற சொல். மரத்தடியில் உதிர்ந்த இலையைப் பரப்பிவிடலாம், நிழலில் வளரும் செடிகளை வைக்கலாம்; அதற்கு நீங்கள் தேவையில்லை என்பதால் சொல்லாமல் இருந்துவிட வேண்டாம்.

செயற்கைப் புல் பிறந்த கதையே இதைத்தான் காட்டுகிறது. 1964-இல் அமெரிக்காவில் ஒரு பள்ளியின் திடலில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட அது, 1966-இல் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் விரிக்கப்பட்ட பிறகுதான் உலகப் புகழ் பெற்றது. ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். கூரையிட்ட அந்த அரங்கில் முதலில் உண்மையான புல்லைத்தான் வளர்த்தார்கள். ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளின் கூச்சத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்கு வண்ணம் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்துப்போனது. புல் வாழ முடியாத இடத்துக்கு மாற்றாக வந்த பொருளை, புல் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த எங்கள் தோட்டத்தில் நானே கொண்டுவந்து போட்டேன். அந்தத் தவறில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால், "இங்கே புல் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன்.

கடைசியாக, பெயர்த்தெடுத்ததை என்ன செய்வது என்ற கேள்வி. பாலிஎத்திலீன் இழை, பாலிபுரோப்பிலீன் அடித்துணி, அதன்மேல் ரப்பர் போன்ற லேடக்ஸ் பூச்சு, இடையில் மணல் என நான்கும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால், மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் கையை விரிக்கிறார்கள். மணலோடு சேர்ந்து சதுர மீட்டருக்கு எட்டு கிலோ என்று வைத்தாலும் 40 சதுர மீட்டருக்கு 320 கிலோ. எங்கள் பழைய விரிப்பு சுருட்டிக் கட்டிய நிலையில் பல மாதங்கள் வேலியோரம் கிடந்தது. பதித்தவரைக் கேட்டபோது, எடுத்துச் செல்வது தங்கள் வேலையில் அடங்காது என்றார். நன்றாகப் பதித்தாலும் இதன் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் எனும்போது, அது முடியும் நாளில் யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதிக்கொள்வதுதான் முறை.

உலகமும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 2022-இல் தன் மலர்க் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதியின்படி, திடல்களில் நிரப்பும் ரப்பர், பிளாஸ்டிக் துகள்களின் விற்பனை 2031 அக்டோபருக்குப் பின் அங்கே செல்லாது. கலிபோர்னியாவில், குடியிருப்புகளில் செயற்கைப் புல்லைத் தடுக்கும் உரிமையை உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2023-இல் ஒரு சட்டம் திருப்பி அளித்தது. அதே ஆண்டு பார்சிலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடலிலும் ஆற்றிலும் மிதந்த 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 15 விழுக்காடு வரை செயற்கைப் புல் இழைகளாக இருக்கக் கண்டார்கள். இதைப் படித்தபின், நீங்கள் வெட்டும்போது பறக்கும் பச்சைத் தும்புகள் என் நினைவுக்கு வந்தன; எங்கள் வீட்டு வாசற்படியோரம் அவை பல வாரங்கள் கிடந்தன, பிறகு மழையோடு போயின. வெட்டி முடித்ததும் ஒரு துடைப்பமும் ஒரு சாக்கும் எடுத்து அவற்றை அள்ளிவிட்டுப் போவதற்குக் கால்மணி நேரம்கூட ஆகாது.

நான் கேட்பதெல்லாம் ஒரு பக்கத் தாள். எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வெட்டினீர்கள், குழியில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்கியது, கல் அடுக்கின் கனம் என்ன, வாட்டம் எந்தப் பக்கம், உச்சி வெயில் எந்த மூலையில் விழுகிறது, பழையதை யார் எடுத்துச் செல்வது என்பனவற்றை அதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். விரிப்பைப் போட்டு மூடுவதற்கு முன் அடித்தளத்தைப் புகைப்படம் எடுத்து அத்துடன் வையுங்கள். மூடிய பிறகு எல்லா வேலையும் ஒன்று போலத்தான் தெரியும் என்பதை நாம் இரு தரப்பாரும் அறிவோம்.

எங்கள் தோட்டத்தில் இப்போது சுவரோரம், கூரை நீட்டத்தின் கீழே வெயில் விழாத 12 சதுர மீட்டரில் மட்டுமே செயற்கைப் புல் இருக்கிறது. மற்ற இடத்தில் பழைய புல்லையே மறுபடி வளர்த்துவிட்டோம். மண்ணைக் கொத்தி, மட்கிய எரு கலந்து, மண்புழு திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பெயர்த்தெடுத்த விரிப்பிலிருந்து ஒரு முழச் சதுரத் துண்டை, அடைபட்ட துளைகளும் கறுப்புப் படலமும் அப்படியே தெரியும்படி வெட்டி, கண்ணாடிச் சட்டத்தில் வைத்துப் பாதுகாத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்களுக்குக் காட்ட வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்டால், தந்துவிட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு முறை புல் பதித்த ஒரு வீட்டுக்காரர்